3 மாதக் குழந்தைக்கு ஆர்எஸ்வி (மூச்சுக்குழாய்களைத் தாக்கும் வைரஸ்): ஆன்டிபயாடிக் ஏன் தரவில்லை?

கேள்வி: மகளுக்கு 2 நாள் சளி. அப்புறம் பால் குடிக்கவே மறுத்தாள். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் மட்டும்தான் கொடுக்கிறார்கள். போதுமா?

பதில் 1: இது வைரஸ் அம்மா, ஆன்டிபயாடிக் கேட்காது. நுரையீரலின் நுண்குழாய்கள் வீங்கி, சளி அடைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் 3 முதல் 5-ஆம் நாள்வரைதான் உச்சம். அதைத் தாண்டும்வரை ஆக்சிஜனும், நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பதும்தான் வைத்தியம்.

பதில் 2: என் மகனும் 6 நாள் இருந்தான். குழாய் வழியாகத்தான் பால். 5-ஆம் நாள் பாலாடையில் 20 மில்லி குடித்தான். நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் 3 வாரம் இருமினான், பயப்படாதீர்கள்.

கேட்டவர்: நன்றி அக்கா. இன்று 4-ஆம் நாள். இப்போதுதான் கண் திறந்து பார்த்தாள்.