பாடமே நடத்தாத சார்: உங்கள் கல்லூரி அறிவியல் வகுப்பு அனுபவம் என்ன?

செந்தூல்வாசி:
கோலாலம்பூரில் தனியார் கல்லூரி ஒன்றில் பவுண்டேஷன் (பட்டப்படிப்புக்கு முந்தைய படிப்பு) படித்தேன். இயற்பியல் சார் மேல் எனக்குச் செம கடுப்பு. பாடமே நடத்த மாட்டார். திரையில் கேள்வி வரும். நான்கு நிற அட்டைகளில் ஒன்றைத் தூக்க வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு, மறுபடியும் அட்டையைத் தூக்கச் சொல்வார். இதற்கா அப்பா கடன் வாங்கிக் கட்டணம் கட்டினார் என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன்.

ஒரு நாள், லாரியும் குட்டிக் கன்சில் காரும் நேருக்கு நேர் மோதினால் எது அதிக விசை கொடுக்கும் என்றார். லாரி என்று சிவப்பைத் தூக்கினேன். எஸ்பிஎம்மில் (பள்ளி இறுதித் தேர்வில்) நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பித்து ‘ஏ’ வாங்கியவன் நான்! பக்கத்தில் சுங்கை பட்டாணிப் பெண், பச்சை.

“ரெண்டு பக்கமும் ஒரே விசைதான் லா.”

“அப்ப ஏன் கன்சில் மட்டும் அப்பளமா நொறுங்குது?”

“அது லேசு. அதே விசைக்கு அதோட வேகம்தான் சட்டுனு மாறும். நசுங்குறத பார்த்து விசைய சொல்லாத.”

இரண்டாம் முறையும் வீம்புக்குச் சிவப்புதான். சாயங்காலம் மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஆறிப்போகும்வரை பேசித்தான் மண்டையில் ஏறியது.

இந்தக் கற்பித்தல் முறையை 1990களில் ஹார்வர்ட் பேராசிரியர் எரிக் மசூர் பரவலாக்கினார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதே ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தும், குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்களாம். அப்படியே என் கதை.

பினாங்கு அக்கா:
நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். தம்பி, அட்டையிலும் களவு உண்டு! முன்வரிசைக் கெட்டிக்காரி தூக்கும் நிறத்தையே மொத்த வகுப்பும் தூக்கும். இப்போது விடையை முதலில் தாளில் எழுதிவிட வேண்டும். பிறகு மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒன்றாகத் தூக்க வேண்டும்.

கொதிக்கிற தண்ணீரில் வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பாதிப் பேர் காற்று என்றார்கள். சிலர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். நீராவி என்றவர்கள் ஐந்தே பேர். பதினைந்து வருடமாகக் கொதிநிலை பற்றி விரிவுரை நடத்துகிறேன், இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

பட்டர்வொர்த் பையன்:
எல்லாம் சரி. எங்கள் லெக்சரர் ‘குழுவாகப் பேசுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மூன்று பாடமும் நாங்களே படித்தோம். இதுவும் அந்த முறைதானா அக்கா?

பினாங்கு அக்கா:
இல்லப்பா. நீங்கள் பேசும் நேரத்தில்தான் எனக்குக் கால் வலிக்கும். வரிசை வரிசையாக நடந்து, யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்க வேண்டுமே.