புதுப்பிப்பு: வேலியோர வேம்பு கச்சான் காற்றில் பட்டுப்போவது ஏன்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் மேட்டுக்காணிகளில் வேம்பு நட ஒன்றரை அடிக் குழி, ஐப்பசி மழையோடு நடுகை என்று முன்பு எழுதியிருந்தோம். தண்ணீர் ஊற்றியும் ஆனி, ஆடியில் கன்று காய்கிறதே என்று பலர் கேட்டீர்கள்.

பெரும்பாலும் குறை பையில்தான். பொலித்தீன் பையில் நெடுநாள் நின்ற கன்றின் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. மாரி முழுக்கப் பச்சையாக நிற்கும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கியதும் ஆழத்து ஈரம் எட்டாமல் வாடும்.

ஊர்க்கூட்டத்தில் இதை வாயால் விளக்கிப் பயனில்லை. ஒரு கன்றின் பையைக் கிழித்து, வாளித் தண்ணீரில் மண்ணைக் கழுவி, வேரைக் கையில் கொடுங்கள். விரலில் சுற்றிய கயிறுபோல இருப்பதை ஒருமுறை தொட்டவர் மறக்கமாட்டார்.

நடும்போது பையின் அடியை அரை அங்குலம் பிளேட்டால் வெட்டிச் சுருண்ட நுனியை நீக்குங்கள். பக்கத்தைக் கீறி, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். சருகு மூடாக்கு நாலு அங்குலம் போதும். தண்டில் முட்டினால் கறையான் ஏறும்.

வேப்பங்கொட்டையைச் சேமித்து வைக்கவே வேண்டாம், முளைப்புத்திறன் சில வாரங்களில் போய்விடும். பழத்தசையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் போடுங்கள். ஆவணியில் போட்டது ஐப்பசி, கார்த்திகைக்கு இளங்கன்றாக இருக்கும், வேரும் சுருண்டிராது.

ஆடு கடிக்காமல் கன்றைச் சுற்றி அடைப்பு கட்டாயம்.