பிரிஸ்பேன்லருந்து கெய்ன்ஸ்: காசில்லாம கேரவன் நிறுத்திக்கிட்டே போயிட முடியுமா?

புதுப்பயணி:
வணக்கம். ஜூலை கடைசியில நானும் வீட்டுக்காரியும் ரெண்டு பசங்களும் ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்லருந்து புரூஸ் நெடுஞ்சாலை வழியா வடக்கே கெய்ன்ஸ் வரைக்கும் போறோம். காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற கேரவன், நண்பரோடது. டாய்லெட் இருக்கு, கூரையில சோலார் இருக்கு. கடலோர கேரவன் பார்க்ல ஒரு ராத்திரிக்குச் சொல்ற வாடகையைக் கேட்டா மோட்டல்லயே படுத்துக்கலாம் போல. இலவச இடங்களை மட்டும் நம்பிக் கிளம்பலாமா? தண்ணி ஓரமாத் தூங்கணும்னு பசங்க ஒரே அடம்.

டவுன்ஸ்வில் பாட்டி:
கிளம்பலாம் தம்பி. ஆனா பசங்களோட முழுசும் இலவசம்னு பிடிவாதம் வேண்டாம். மூணு ராத்திரி இலவசம், நாலாவது ராத்திரி கரண்ட் இணைப்போட பார்க். துணி துவைக்க, தண்ணி ரொப்ப, பேட்டரி ஏத்த, எல்லாருக்கும் தலைக்குக் குளிக்க அந்த ஒரு நாள் வேணும்.

அவசரப்படுத்தப்போறது கேசட்தான், அதான் டாய்லெட்டுக்கு அடியில கழிவு சேர்ற பெட்டி. நாலு பேர் இருந்தா ரெண்டு மூணு நாள்ல ரொம்பிடும். புதர்ல கொட்டாதீங்க, நிறைய ஊர்ல அதைக் கொட்டுறதுக்குன்னே டம்ப் பாயின்ட் இருக்கு. கையுறை போட்டுக்கிட்டு, கேசட்டோட மூக்கைக் கீழ திருப்பி, காத்துப் பொத்தானை அமுக்கிக்கிட்டே சாய்க்கணும். அமுக்கலைன்னா குபுக் குபுக்குன்னு கால்ல தெறிக்கும். இந்த வேலையை வீட்டுக்காரி தலையில கட்டிடாதீங்க!

இடம் சொல்றேன். ஹோம் ஹில்ல ஊர் நடுவுலேயே 48 மணி நேரம் நிறுத்தலாம், குளிக்கவும் வசதி உண்டு. எங்க ஊருக்கு வடக்கே ரோலிங்ஸ்டோன்ல புஷி பார்க்கர் பார்க், அதுவும் 48 மணி நேரம். கடல்தான் வேணும்னா பக்கத்துலயே பால்கல் பீச் இருக்கு. அங்க இடம் கொஞ்சம், காலையிலேயே போய் நின்னாதான் உண்டு. நெடுஞ்சாலை ஓய்விடங்கள்ல பொதுவா 20 மணி நேரம் விடுவாங்க. லாரிச் சத்தத்துல தூக்கம் வர்றது உங்க பாடு. விதி மாறிக்கிட்டே இருக்கும், நிறுத்துறதுக்கு முன்னாடி அங்க இருக்கிற பலகையைப் படிங்க. விக்கிகேம்ப்ஸ்னு தங்குமிடம் தேடுற ஆப்ல கடைசியா வந்த கருத்துகளையும் பாருங்க, நட்சத்திரத்தை நம்பாதீங்க.

தண்ணி ஓரமாத் தூங்குற ஆசை மட்டும் ஆகாது. கிளாட்ஸ்டோனுக்கு வடக்கே முதலை நாடு. படுக்கை தண்ணியிலிருந்து 50 மீட்டராவது தள்ளி இருக்கணும். கரைக்கு 5 மீட்டர் கிட்ட பசங்க போகக்கூடாது. ஓடையில பாத்திரம் கழுவுறது, மீன் குடலை வீசுறது எல்லாம் அதுக்கு விருந்து வைக்கிறதுதான்.

மெக்கே மெக்கானிக்:
பாட்டி சொன்னது எல்லாம் சரி. நான் வண்டியைப் பத்தி மட்டும் சொல்றேன் ப்ரோ. 100 லிட்டர் தண்ணின்னா 100 கிலோ, அதையும் எடைக் கணக்குல சேருங்க. சாமானெல்லாம் பின்னாடி அடைச்சா கேரவன் வாலாட்ட ஆரம்பிச்சிடும். மொத்த எடையில சுமார் பத்துல ஒரு பங்கு டோபார் (காருக்குப் பின்னாடி கேரவனை மாட்டுற கம்பி) மேல உக்காரட்டும், அதுக்கும் உங்க கார் தாங்கணும். ஓடும்போது உள்ள யாரும் இருக்கக்கூடாது, தூங்குற பையனா இருந்தாலும். அப்புறம் ஜூலையில கரும்பு அரைவை நடக்கும். மெக்கேலருந்து வடக்கே கரும்பு ரயில் ரோட்டைக் குறுக்க வெட்டிப் போகும், கிராசிங்ல அவசரப்படாதீங்க.

புதுப்பயணி:
ரொம்ப நன்றி பாட்டி, ப்ரோ. சோலார்ல ஏசி ஓடாதுன்னாங்க. ராத்திரி புழுங்காதா? கடல்ல இறங்கலாமா?

டவுன்ஸ்வில் பாட்டி:
ஜூலையில இங்க ராத்திரி 15 டிகிரிகிட்ட இறங்கும், போர்வை எடுத்துட்டு வாங்க. இதே டிசம்பர்னா ஏசி இல்லாம வராதீங்கன்னு சொல்லியிருப்பேன். கொட்டுற விஷ ஜெல்லிமீன் சீசன் நவம்பர்லருந்து மே வரைக்கும், நீங்க வர்ற நேரம் பரவாயில்லை. ஆனாலும் கொடி நட்டுக் காவல் இருக்கிற பீச்லதான் இறங்கணும். சதுப்புக் காட்டுப் பக்கம் சாயங்காலம் மணல் ஈ பிடுங்கும், பசங்களுக்கு முழுக்கைச் சட்டை போடுங்க.

சமையலுக்கு பிரஷர் குக்கர் கொண்டு வாங்க, கேஸ் பாதி மிச்சம். எலக்ட்ரிக் ரைஸ் குக்கரை வீட்லயே வெச்சிடுங்க, பேட்டரியைக் குடிச்சிடும்.

ஊர்சுற்றி:
ஷோகிரவுண்டை, அதான் ஊர்க் கண்காட்சி நடத்துற மைதானத்தை, யாருமே சொல்லலையே? பல ஊர்ல கரண்ட், குளியல் எல்லாம் உண்டு, பார்க்கை விட வாடகை கம்மி.

டவுன்ஸ்வில் பாட்டி:
ஆமா, அதுவும் நல்லதுதான். அந்த நாலாவது ராத்திரிக்குச் சரியா இருக்கும். ஆனா போன் பண்ணிட்டுப் போங்க, ஊர்க் கண்காட்சி நடக்கிற வாரம் குதிரைக்குத்தான் இடம். தேசியப் பூங்காவுல தங்குறதா இருந்தா முன்னாடியே ஆன்லைன்ல பதியணும், சிக்னல் இருக்கிற ஊர்லயே அதை முடிச்சிடுங்க.