ஜப்பான் ஏலத்தில் பழைய கேம் எடுத்தவர்கள், மறக்க முடியாத ஒரு அனுபவம் சொல்லுங்கள்

கேசட்பிரியன், சிங்கப்பூர்

மூன்று வாரமாக மனதைக் குடைந்துகொண்டிருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

போன வருடம் யாகூ ஏலத்தில் ஒரு லாட் எடுத்தேன். நின்டென்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கேம் மெஷினுக்கான கேசட் பன்னிரண்டு, பெட்டி இல்லை, புத்தகம் இல்லை, மொத்தம் 3,200 யென். எனக்கு வேண்டியது அதில் ஒன்றுதான், டிராகன் குவெஸ்ட் 5. வந்ததும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் ஹிரகனா என்ற ஜப்பானிய எழுத்தில் நாலு எழுத்துப் பெயர், அதன் கீழே நாலாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு என்று சின்னதாக. அங்கே இப்படி இருந்தால் 'பெயர் எழுதியது' என்று குறிப்புப் போட்டு விலையைக் குறைத்துவிடுவார்கள். எனக்கு அதைத் துடைக்க மனசு வரவில்லை.

ஆன் செய்தேன். சேவ் இருந்தது, யாரோ விளையாடி நிறுத்திய இடம் அப்படியே பதிந்திருந்தது. 1992-ல் வந்த கேசட், அந்தப் பதிவைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சிஆர் 2032 பட்டன் பேட்டரி, அது இன்னும் உயிரோடு இருக்கிறது! ஹீரோவின் பெயர் கேசட்டின் பின்னால் எழுதியிருந்த அதே நாலு எழுத்து. திறந்தால் தேவாலயத்தில் நிற்கிறான், கூடவே மஞ்சள் முடியோடு ஒரு பையனும் ஒரு பெண்ணும். கதையில் வரும் சிறுவயதுத் தோழி பியாங்காவைத்தான் கட்டியிருக்கிறான். விளையாடியவர்களுக்குத் தெரியும், அப்பாவான ஹீரோ கல்லாகி நிற்பதும், வருடங்கள் கழித்துப் பிள்ளைகள் தேடி வந்து மீட்பதும் எவ்வளவு தூரம் தாண்டி வரும் இடம் என்று. அந்த நாலாம் வகுப்புப் பையன் அதைத் தாண்டியிருக்கிறான். நான் அவனை இரண்டடி நடக்கவைத்தேன், தேவாலய வாசல் வரைக்கும். சேவ் செய்யாமல் அணைத்துவிட்டேன். அது அவனுடையது.

பேட்டரி எந்த நாளும் போய்விடும் என்று தெரியும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தேன். ஏழு மாதம் ஓடிவிட்டது. போன மாதம் ஆன் செய்தபோது அந்த இசை வந்தது. எந்த இசை என்று டிராகன் குவெஸ்ட் விளையாடியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாகசப் புத்தகம், அதாவது சேவ், அழிந்துவிட்டது என்று சொல்லும்போது வருமே, அது. சமையலறையிலிருந்து மனைவி "என்னங்க அது?" என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?


வெள்ளவத்தை82, ரொறன்ரோ

வாசிக்கவே மனம் கனக்குது அண்ணா. என்னுடையது சேவ் கதை இல்லை, ஏலக் கதை.

தொண்ணூறுகளில் வெள்ளவத்தையில் மாமா வீட்டில் ஒரு ரிவி கேம் இருந்தது. சூப்பர் ஃபாமிகாமுக்கு முந்தைய ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த போலி, ஒரே கேசட்டில் ஏகப்பட்ட கேம். நானும் மச்சானும் கொன்ட்ரா என்ற சுடும் கேம் மட்டும்தான் விளையாடுவோம். இங்கே வந்து கனகாலத்துக்குப் பிறகுதான் தெரியும், 1988 ஜப்பான் ஃபாமிகாம் பதிப்பு வேறு மாதிரி என்று. அந்தக் கேமைச் செய்த கொனாமி நிறுவனம் தன் சொந்தச் சிப்பை அதற்குள் வைத்ததால் தொடக்கத்தில் வரைபடம் வரும், நடுவில் கதைக் காட்சிகள் வரும், பனிக் கட்டத்தில் உண்மையிலேயே பனி பெய்யும். அமெரிக்கப் பதிப்பில் இதெல்லாம் இல்லை. அதைப் பார்த்துவிடவேண்டும் என்று ஒரு வெறி.

ஜப்பானில் ஞாயிறு இரவு 10 மணிக்கு ஏலம் முடியும், எங்களுக்குக் கோடைகாலத்தில் ஞாயிறு காலை 9. அது மகளின் தமிழ் வகுப்பு நேரம். வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தபடி ஃபோனில் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தேன். 7,000 யெனுக்கு மேல் போவதில்லை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது விலையைக் கூட்டினால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும், தெரியும்தானே. ஒன்பது தடவை நீண்டது. எதிரில் ஒரே ஒரு ஆள். ஐடியில் பாதி எழுத்து நட்சத்திரக்குறி. நான் கூட்டினால் அவரும் கூட்டுவார், அதுவும் கடைசி நிமிடம் வரை பொறுத்திருந்து. 11,500 வந்தபோது பின் இருக்கையிலிருந்து மகள், "அப்பா, அந்த ஆளுக்கும் இதிலே விளையாட விருப்பமா?" என்று கேட்டாள். வகுப்பு தொடங்கிக் கனநேரம் போய்விட்டது. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

காசு மிச்சம்தான். ஆனாலும் அந்த ஆள் யார், எந்த ஊர், அவருக்கும் ஒரு மச்சான் இருந்தானோ என்று இன்றைக்கும் யோசிப்பேன்.


ஈயப்பற்று, மெல்பர்ன்

கேசட்பிரியன், கோபித்துக்கொள்ளாதீர்கள், வந்த அன்றே பேட்டரியை மாற்றியிருக்க வேண்டும். முப்பது வருடப் பேட்டரியை 'அடுத்த வாரம்' என்று விடக்கூடாது.

என் கதை சின்னது. 2019-ல் ஃபாமிகாமோடு இணைக்கும் டிஸ்க் டிரைவான டிஸ்க் சிஸ்டம் ஒன்று எடுத்தேன், 2,800 யென், 'இயக்கிப் பார்க்கவில்லை' என்று போட்டிருந்தது. சுத்தமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே பெல்ட் இல்லை. பெல்ட் இருந்த இடத்தில் கறுப்பாகத் தார் மாதிரி ஒரு பசை. ரப்பர் உருகி சக்கரத்தைச் சுற்றி வழிந்திருந்தது. விரலில் ஒட்டியது இரண்டு நாள் போகவில்லை, சட்டையில் ஒட்டியது இன்னும் இருக்கிறது. புது பெல்ட் போட்டு, டிஸ்க்கைப் படிக்கும் ஹெட்டைச் சரிசெய்து ஓடவைக்க இரண்டு மாதம் ஆனது.

அதிலிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்கள் படியுங்கள். 'டோசா மிகாகுனின்' என்றால் இயக்கிப் பார்க்கவில்லை என்று அர்த்தம், ஆனால் பாதிப்பேர் இயக்கிப் பார்த்து ஓடாததால்தான் அப்படிப் போடுகிறார்கள் என்பது என் முடிவு. 'ஜங்க்கு' என்று இருந்தால் அதைப் பாகங்களின் விலைக்கு மட்டும் கேளுங்கள். 'நோ கிளெய்ம் நோ ரிட்டர்ன்' என்று இருந்தால் வந்தபிறகு யாரிடமும் முறையிட முடியாது.

ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட். நம்மில் பலர் வீடுகளில் 230. ஃபாமிகாமோடு வரும் அடாப்டரைக் கன்வர்ட்டர் பிளக் வைத்து நேராகச் செருகினால் புகைதான் வரும். வெளியில் வேறு அடாப்டர் வாங்குவதானால் 10 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ் என்பதைப் பார்த்து வாங்குங்கள். கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், அவசரப்பட்டுச் செருகாதீர்கள்.

1983-ன் முதல் ஃபாமிகாமில் ஆன்டெனா வயர் வழியாகத்தான் படம் வரும், அதுவும் ஜப்பான் சேனல் 1 அல்லது 2. வெளிநாட்டு டிவியில் அந்தச் சேனல் அதே அலைவரிசையில் இருக்காது. ஓடுகிற மெஷினை ஓடவில்லை என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். சிரமம் வேண்டாம் என்றால் 1993-ல் வந்த ஏவி ஃபாமிகாமைப் பாருங்கள், விலை கூடுதல்தான்.

ரொறன்ரோ நண்பருக்கு: கடைசி நொடியில் கேட்பதால் அங்கே பயன் இல்லை, நேரம் நீண்டுகொண்டேதான் போகும். உங்கள் உச்ச விலையை ஒரே தடவை போட்டுவிட்டு ஃபோனை மூடிவிடுங்கள். ஒன்பது தடவை கூட்டியது தப்பு, குழந்தையின் வகுப்பு நேரத்தில் அதைச் செய்தது அதைவிடத் தப்பு.


இரவுக்குருவி, லண்டன்

மெல்பர்ன் அண்ணன் சொல்வதில் கரண்ட் விஷயம் அத்தனையும் சரி. 'இயக்கிப் பார்க்கவில்லை' என்பதைப் பொய் என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

இறந்தவர்களின் வீட்டைக் காலிசெய்து கொடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அங்கே நிறைய. பாத்திரம், கடிகாரம், கிமோனோ என்று எல்லாவற்றோடும் கேம் மெஷினும் வரும். அவர்களிடம் அதற்கான வயரும் இருக்காது, பழைய டிவியும் இருக்காது. நிஜமாகவே இயக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படி ஒருவரிடம்தான் 1987-ன் வெள்ளை பிசி எஞ்சின் கேம் மெஷினை 2,000 யெனுக்கு எடுத்தேன், ஜங்க்கு என்று போட்டிருந்தது. அதே ஆள் விற்ற மற்ற பொருள்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். ஒரே வீட்டுச் சாமான்கள் என்று படங்களிலேயே தெரிந்தது, எல்லாம் ஒரே பாயின் மேல் வைத்து எடுத்தவை.

பெட்டியைத் திறந்ததும் சிகரெட் வாடை குப்பென்று அடித்தது. வெள்ளை பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு வந்திருந்தது. முன்பக்க வாயில் ஒரு ஹூகார்ட், அதாவது அந்த மெஷினின் கேம் கார்டு, செருகியபடியே இருந்தது, ஏலப் படத்தில் அது தெரியவில்லை. ஏடிஎம் கார்டு அளவுதான், கொஞ்சம் கனம். இழுத்தேன், வரவில்லை. பல வருடம் அப்படியே இருந்து பிடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக, இரண்டு கட்டை விரலையும் வைத்து அசைத்து அசைத்து எடுத்தேன். துடைத்து மறுபடி செருகி, பின்பக்க விரிவாக்க முனையில் ஏவி அடாப்டரை மாட்டி ஆன் செய்தேன். முதல் தடவையே படம் வந்தது. யாரோ ஒருவர் கடைசியாக விளையாடிவிட்டு எழுந்துபோன அதே கேம். நான் அன்றைக்கு அதை விளையாடவில்லை. தலைப்புத் திரையை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.

எல்லாரையும் ஏமாற்றுக்காரர்களாகப் பார்த்தால் இந்த மெஷின் எனக்கு வந்திருக்காது.

அப்புறம் கேசட்பிரியன், அழிந்த சேவ் திரும்ப வராது, ஆனால் இனிமேல் எந்த லாட் வந்தாலும் பேட்டரியைத் தொடுவதற்கு முன் கார்ட் ரீடரில், அதாவது கேசட்டைக் கணினியோடு இணைத்துப் படிக்கும் கருவியில், சேவ் ஃபைலைக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றியபிறகு அதே ஃபைலைத் திரும்ப எழுதிவிடலாம்.


திருச்சிப்பையன், டெக்சஸ்

எனக்கு வாங்கியதில் பிரச்சினை இல்லை, வந்து சேர்வதில்தான்.

2025 ஜூலையில் ஒரு சேகா சாட்டர்ன் கேம் மெஷின், பெட்டியோடு. அண்ணனுக்கு 40-வது பிறந்தநாள் அக்டோபரில். ஜப்பானில் நமக்காக வாங்கி அனுப்பும் இடைத்தரகு தளத்தின் கிடங்கில் வைத்து, இன்னும் இரண்டு கேம் சேர்த்து ஒரே பார்சலாக அனுப்பலாம் என்று காத்திருந்தேன். ஆகஸ்ட் 27-ல் ஜப்பான் போஸ்ட் அமெரிக்காவுக்கு வணிகப் பார்சல் எடுப்பதை நிறுத்தியது. 29-ல் இங்கே 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கும் போனது. கிடங்கில் இலவசமாக வைத்திருக்கும் நாள்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பேன். கடைசியில் தனியார் கூரியரில் எடுத்தேன். மெஷின் விலையைப் போல இரண்டு மடங்கு அனுப்புகூலி, வாசலில் வரி தனியாக.

வந்த சாட்டர்னின் பெட்டி ஒரு மூலை முழுக்க நசுங்கியிருந்தது. ஒன்றாகக் கட்டும்போது விற்றவர் போட்டிருந்த வெளிப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு மெல்லிய பெட்டியில் போட்டிருக்கிறார்கள். படத்தில் பார்த்த அந்தக் கூர்மையான மூலை, அதற்காகத்தான் பெட்டியோடு எடுத்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, மூலையை விரலால் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெளிப்பெட்டியைக் கழற்ற வேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் செய்யுங்கள். எடை கூடினாலும் பரவாயில்லை.


ஈயப்பற்று, மெல்பர்ன்

லண்டன் தம்பி, ஒரே பாயின் மேல் எடுத்த படங்கள் என்று பார்த்து வாங்கியது நல்ல முறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தில் ஒன்று அப்படி அமையும், மீதியை யார் சரிசெய்வது?

டெக்சஸ் நண்பருக்கு: சாட்டர்னின் சேவுக்கும் அதே சிஆர் 2032-தான், பின்பக்கம் ஒரு மூடியைத் திறந்தால் கையாலேயே மாற்றலாம், ஈயம் தேவையில்லை. உடனே செய்யுங்கள்.

சூப்பர் ஃபாமிகாம் கேசட்டுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி வகைத் திருப்புளி வேண்டும். ரீடர் இல்லாதவர்கள், பழைய பேட்டரியைக் கழற்றும் முன் இன்னொரு 3 வோல்ட்டை இணையாகப் பிடித்துக்கொண்டால் சேவ் போகாது. கை நடுங்கினால் போய்விடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.


கேசட்பிரியன், சிங்கப்பூர்

எல்லாருக்கும் நன்றி. திட்டியவருக்கும்தான், அவர் சொன்னது சரி.

அந்த லாட்டில் மீதி பதினொன்றையும் நேற்று எடுத்துப் பார்த்தேன். நான்கில் அதே கையெழுத்து, அதே பெயர். மூன்றில் நாலாம் வகுப்பு. ஒன்றில் நாலை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதியிருக்கிறான். அந்த நான்கும் சேவ் உள்ள கேம்கள்தான், நான் இன்னும் ஒன்றையும் ஆன் செய்யவில்லை.

கார்ட் ரீடர் ஆர்டர் போட்டிருக்கிறேன், சனிக்கிழமை வருகிறது. லண்டன் நண்பரே, எந்த ஃபைலாகச் சேமிக்க வேண்டும், திரும்ப எழுதும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் விவரமாக எழுதுவீர்களா? ஐந்தாம் வகுப்பு கேசட்டை முதலில் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.