கார்ட்டூன், காமிக்ஸ், மங்கா: ஐந்தாம் வகுப்புக்கு எது சரிப்படும்?

ரோஸ்ஹில் டீச்சர்:
வணக்கம். மொரீஷியஸில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். தமிழ்க் கண்காட்சிக்குக் கார்ட்டூன் வையுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எந்த மாதிரி என்று கேட்டால் பதில் இல்லை. பாதிப் பேருக்கு நருட்டோ போல மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வரைய ஆசை. ஒரு பையன் பத்திரிகைப் படம் மாதிரி ஒரு மந்திரியை வரைந்து நீட்டுகிறான் (மூக்கு நன்றாகத்தான் வந்திருக்கிறது). உடன் வேலை பார்ப்பவர் கிராஃபிக் நாவல், அதாவது முழுப் புத்தக நீளப் படக்கதை, போடலாம் என்கிறார். பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழில் நான்கு சொல் சேர்ந்தாற்போல் எழுதத் திணறுவார்கள். எதை எடுப்பது?

மஹேபூர்க்காரன்:
டீச்சர், மந்திரி மூக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். அரசியல் கருத்துப்படம் ஒரே கட்டத்தில் முடிந்துவிடும். பார்க்கிறவருக்குச் செய்தி முன்பே தெரிந்திருந்தால்தான் சிரிப்பு வரும். பாரதியார் 'இந்தியா' பத்திரிகையில் கருத்துப்படம் போட்ட நாளிலிருந்து அதுதான் கதை. பத்து வயசுப் பிள்ளைக்கு எந்த மந்திரி என்ன சொன்னார் என்று யார் விளக்குவது?

கிராஃபிக் நாவல் வேண்டவே வேண்டாம், நூறு இருநூறு பக்கம் ஓடும். நம் பிள்ளைகள் நூலகத்தில் புரட்டுகிற டின்டின் ஆல்பமே 62 பக்கம்.

என் ஓட்டு நான்கு கட்டக் காமிக் ஸ்ட்ரிப்புக்கு. அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள், பேச்சு கொஞ்சம், கடைசியில் ஒரு திருப்பம். 'பீநட்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகை காமிக் ஸ்ட்ரிப் 1950-இல் தொடங்கியபோது நான்கு கட்டமும் ஒரே அளவு. பத்திரிகைக்காரர்கள் இருக்கிற இடத்தைப் பார்த்து வரிசையாகவோ, மேலிருந்து கீழாகவோ, சதுரமாகவோ அடுக்கிக்கொள்வார்கள். உங்கள் கண்காட்சிப் பலகைக்கும் அது தோதுப்படும்.

மாதிரிக்கு ஒன்று:
கட்டம் 1: டால் பூரி வண்டி. பாட்டியும் பேரனும் வரிசையில். பேரன்: "ஒரு ஜோடி!"
கட்டம் 2: கடைக்காரர்: "மிளகாய் வேண்டுமா?" பேரன்: "வேண்டும்!"
கட்டம் 3: பேச்சு இல்லை. பேரன் முகம் முழுக்கச் சிவப்பு, காதில் புகை.
கட்டம் 4: பாட்டி தண்ணீரை நீட்டி: "'வேண்டாம்' என்று சொல்ல டீச்சர் இன்னும் கற்றுத் தரவில்லையா?"

எழுதத் திணறுகிற பிள்ளைக்கு மூன்றாம் கட்டத்தைக் கொடுங்கள். அங்கே எழுத்தே இல்லை, ஆனால் முழுச் சிரிப்பும் அங்கேதான் கிளம்புகிறது.

இன்னொன்று: வசனத்தை எழுதிவிட்டு, அப்புறம் அதைச் சுற்றிக் குமிழ் போடச் சொல்லுங்கள். குமிழை முதலில் போட்டால் 'வேண்டாம்' என்பதில் 'ம்' வெளியே தொங்கும்.

சிவகாசி வாசகன்:
ஐயா சொன்னது சரி. வரைவதற்கு முன் வாசிக்கவும் ஏதாவது வேண்டுமல்லவா? லக்கி லூக் என்ற கௌபாய் காமிக்ஸ் ஆல்பங்கள் எங்கள் ஊர் லயன் காமிக்ஸில் தமிழில் வருகின்றன. உங்கள் பிள்ளைகள் பிரெஞ்சில் பார்த்த அதே படங்கள்தான். கதை தெரியும் என்பதால் தமிழ் வசனத்தை ஊகித்தே படித்துவிடுவார்கள். ஒரு பக்கம் பிரெஞ்சு, ஒரு பக்கம் தமிழ் என்று அருகருகே வைத்துப் பாருங்கள்.

கண்ணாடிப் பொண்ணு:
மங்கா கேட்கும் பிள்ளைகளை விரட்டாதீர்கள் டீச்சர்! பெரிய கண்ணும் வேகக் கோடும் நான்கு கட்டத்துக்குள்ளேயே அடங்கும். ஜப்பானிலேயே நான்கு கட்டச் சிரிப்பு மங்கா தனி வகையாக இருக்கிறது, மேலிருந்து கீழாகப் படிப்பது. ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடம் ஓடும். அதை மட்டும் காப்பி அடிக்க விடாதீர்கள், தமிழ் வசனம் தலைகீழாகிவிடும்.

ரோஸ்ஹில் டீச்சர்:
நன்றி எல்லாருக்கும். நான்கு கட்டம், மேலிருந்து கீழாக என்று முடிவு செய்துவிட்டேன், மங்கா கோஷ்டிக்கும் வாய் அடைத்துவிடும். லக்கி லூக் தமிழில் இருப்பது எனக்குப் புதுச் செய்தி. சிவகாசி சார், இங்கே தபாலில் அனுப்புவார்களா, இல்லை தெரிந்தவர் யாராவது வரும்போது வாங்கிவரச் சொல்ல வேண்டுமா? மந்திரியை வரைந்த பையனுக்குக் கடைக்காரர் வேஷம் கொடுக்கப் போகிறேன், அந்த மூக்கை வீணாக்க மனசில்லை.