அப்பத்தா வீட்டுக் குழு: நாலு ஆட்டுச் சால்வை

மே மாதம், சனிக்கிழமை

முத்து, காலை 9.12
[படம்]
காலையில் பாண்டியன் ரயிலில் வந்து இறங்கினேன். லேயில் வாங்கிய சால்வையை அப்பத்தாவுக்குப் போர்த்திவிட்டேன். பஷ்மினா.

செல்வி அத்தை, 9.15
கத்திரி வெயிலில் அம்மாவுக்குக் கம்பளியா? ஆனாலும் பார்க்க அழகாக இருக்கிறது. என்ன விலை?

முத்து, 9.16
விலையை மட்டும் கேட்காதீர்கள் அத்தை.

செல்வி அத்தை, 9.18
நானும் தமுக்கத்தில் ஒரு கண்காட்சியில் பஷ்மினா வாங்கினேன். 350 ரூபாய். இரண்டாக எடுத்தால் 600.

மேலூர் சித்தப்பா, 9.20
350 ரூபாய்க்கு ஆட்டு வாலைக்கூடத் தரமாட்டார்கள் அக்கா.

நித்யா, 9.21
அத்தை, ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் ஆட்டு மயிர்.

செல்வி அத்தை, 9.34
உருகிச் சொட்டி மிளகு போல உருண்டு நிற்கிறது. நசுக்கினாலும் உடையவில்லை. அடுப்படி முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம்.

நித்யா, 9.35
பாலியஸ்டர்.

செல்வி அத்தை, 9.35
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நித்யா, 9.39
பஷ்மினா என்பது குளிர்ப்பகுதி வெள்ளாட்டின் முரட்டு முடிக்கு அடியில் வளரும் மெல்லிய அடிமயிர். வெளிநாட்டில் காஷ்மீர் என்பார்கள். ஓர் ஆட்டிலிருந்து வருடத்துக்கு 200 கிராம் அளவுதான் அது கிடைக்கும். அதில் முரட்டு முடியைப் பிரித்தெடுத்தால் ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். ஒரு ஸ்வெட்டருக்கு நாலு ஆடு வேண்டும் என்பது கணக்கு. மெரினோ செம்மறி என்றால் ஒன்றே 4, 5 கிலோ கொடுத்துவிடும்.

மேலூர் சித்தப்பா, 9.41
நாலு ஆடு வருடம் பூராவும் தின்றால் ஒரு ஸ்வெட்டரா? அந்த ஊரில் புல் மிஞ்சுமா?

நித்யா, 9.44
மிஞ்சவில்லை சித்தப்பா. மங்கோலியாவில் 1990 வாக்கில் வெள்ளாடு 50 லட்சம் இருந்தது. 2018-இல் 2.7 கோடி. கூட்டுப் பண்ணைகள் இருந்தவரை எந்த இனம் எத்தனை என்பதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அவை கலைந்த பிறகு, கையில் காசு தருவது காஷ்மீர் மயிர்தான் என்று பலரும் வெள்ளாட்டைப் பெருக்கிவிட்டார்கள். ஆடு புல்லை வேரோடு பறிக்கிறது, கூர்க்குளம்பு மேல்மண்ணை உடைக்கிறது, காற்று அள்ளிக்கொண்டு போகிறது.

மேலூர் சித்தப்பா, 9.50
நில்லு தாயி. வெள்ளாட்டைப் பழிக்காதே. தரையோடு தரையாக மழிப்பது செம்மறி. வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி இலந்தையையும் உடைவேலையும் எட்டிப் பறிக்கும், நாலு வாய் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். முப்பது வருடமாகப் பின்னாலேயே நடக்கிறேன்.

நித்யா, 9.52
நம் ஊரில் சரி. அங்கே எட்டிப் பறிக்கச் செடி எங்கே இருக்கிறது? கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. குனிந்துதான் தின்ன வேண்டும். பருவநிலையும் சேர்ந்துகொண்டது. 1940-லிருந்து அங்கே வெப்பம் 2 டிகிரிக்கு மேல் கூடியிருக்கிறது. கோடையில் மழை பொய்த்து, குளிர்காலத்தில் பனி இறுகிவிட்டால் கால்நடை கூட்டம் கூட்டமாகச் சாகும். ஜுட் என்கிறார்கள். 2009-10 குளிர்காலத்தில் ஒரு கோடி அளவுக்குச் செத்தன.

மேலூர் சித்தப்பா, 9.53
ஒரு கோடியா.

மேலூர் சித்தப்பா, 10.02
என்னிடம் செம்மறி 80 உருப்படி, வெள்ளாடு 20. இந்த மாதம் ஒரு புஞ்சையில், ராத்திரி ஆட்டை அடைத்துக் கிடை போட்டிருக்கிறேன். சில ராத்திரி போனால் காட்டுக்காரரே போதும், அடுத்த வயலுக்குப் பெயர்த்துப் போடு என்பார். புழுக்கை நிலத்துக்கு, கூலி எனக்கு. இந்த நூறும் வெள்ளாடாகி, ஒரே இடத்தில் நின்றால் என் கண்மாய்க்கரையும் மொட்டையாகத்தான் போகும். ஆட்டின் வாய் என்ன செய்யும், வைத்திருப்பவன் கணக்கைச் சொல்.

முத்து, 10.06
லடாக்கில் சாங்தாங் மேட்டுநிலத்தில் பார்த்தேன் சித்தப்பா. எந்த இடம் என்று சொல்லமாட்டேன். 14,000 அடிக்கு மேல். ஆட்டின் காலைக் கட்டிக் கிடத்தி, இரும்புச் சீப்பால் வாருகிறார்கள். தலைவாரினால் சீப்பில் சிக்குமே, அப்படி, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பிடி. அங்கே மேய்க்கிற சாங்பா மக்கள் ஆடு, செம்மறி, யாக் எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருந்தவர்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு பழைய மேய்ச்சல் நிலம் கொஞ்சம் கைவிட்டுப் போனது. இருக்கிற இடத்தில் ஆடு கூடியது. அதே புல்லைத்தான் காட்டுக்கழுதையும் தேடுகிறது.

நித்யா, 10.08
ஆனால் உலகச் சந்தையில் லடாக்கின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை அண்ணா. பெரும்பங்கு சீனாவும் மங்கோலியாவும்தான். மலிவு விலை காஷ்மீர் ஸ்வெட்டர் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

நித்யா, 10.09
சித்தப்பா, இன்னொன்று. கண்மாயில் சீமைக்கருவேலம் இப்படி மண்டியதில் உங்கள் ஆட்டுக்கும் பங்குண்டு. நெற்றைத் தின்று, விதையைப் புழுக்கையோடு போகிற இடமெல்லாம் விதைத்தது யார்?

மேலூர் சித்தப்பா, 10.15
ஒப்புக்கொள்கிறேன். பஞ்ச காலத்தில் அந்த நெற்றுதான் ஆட்டைக் காப்பாற்றியது, அதையும் எழுதிக்கொள். எங்கள் பக்கம் கிரானைட்டுக்காக மலையையே மென்றார்களே, அவர்கள் புழுக்கைகூடப் போடவில்லை.

முத்து, 10.21
அப்பத்தா கேட்கிறார்: மயிரை வாரிவிட்டால் ஆட்டுக்குக் குளிராதா?

நித்யா, 10.23
நல்ல கேள்வி அப்பத்தா. வெயில் ஏறும்போது அது தானாகவே உதிரும், அப்போதுதான் வாருகிறார்கள். வாரிய கையோடு பனிப்புயல் அடித்தால் ஆடு விறைத்துச் செத்துவிடும். அதுவும் நடக்கிறது.

முத்து, 10.31
படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. சால்வையை மடித்து, வசம்பு வைத்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார். மார்கழியில் கோவிலுக்குப் போகும்போது போர்த்துவாராம்.

செல்வி அத்தை, 10.33
என் சால்வையை என்ன செய்வது? பாத்திரம் துடைத்தால் தண்ணீர்கூட உறிஞ்சாது.

மேலூர் சித்தப்பா, 10.34
எனக்குக் கொடுத்துவிடு அக்கா. மழை ராத்திரியில் குட்டி ஈனினால் போர்த்த ஆகும். செவ்வாய்க்கிழமை மாட்டுத்தாவணி வருகிறேன், வாங்கிக்கொள்கிறேன்.

செல்வி அத்தை, 10.35
இரண்டு இருக்கிறது.