கர்னல் லாக் வெள்ளத்தில் கேட்வே உறைகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. வெள்ளவத்தையில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தின் கேட்வே மெஷின் (அலுவலகத்தை இன்டர்நெட்டோடு இணைப்பது) கொட்டாஞ்சேனை ஸ்டோரில் இருக்கிறது. டெபியன் 12 லினக்ஸ், கர்னல் (அதன் மையப் பகுதி) 6.1, 9600 போட் வேகத்தில் சீரியல் கன்சோல் (கர்னல் செய்திகளைக் கேபிள் வழியே காட்டுவது). யாராவது வெளியிலிருந்து போர்ட் ஸ்கேன் செய்தாலே (திறந்த போர்ட் எது என்று தட்டிப் பார்த்தாலே) எஸ்எஸ்ஹெச், அதாவது தொலைவிலிருந்து நுழையும் இணைப்பு, உறைந்துவிடுகிறது. திரையில் 'சாஃப்ட் லாக்கப், சிபியு 22 செக்கன்' என்று, அதாவது சிபியு அவ்வளவு நேரம் சிக்கி நின்றதாக, வருகிறது. கடந்த மாதம் கர்னல் அப்டேட் செய்த பிறகுதான் இது ஆரம்பித்தது.

காரணம் ஓரளவு புரிகிறது. 9600 போடில் செக்கனுக்கு ஏறத்தாழ 960 எழுத்துதான் போகும். ஸ்கேனில் மறிக்கும் பாக்கெட்டுகளுக்கு ஃபயர்வால் கன்சோலில் எழுதும் லாக் வரி ஒன்றே 200 எழுத்து வரும். அது போய் முடியும் வரை சிபியு காத்து நிற்கிறது. அதாவது பாக்கெட்டை மறிப்பதை விட, மறித்ததை எழுதுவதுதான் மெஷினை வீழ்த்துகிறது.

ஐபிடேபிள்ஸ் (எங்கள் ஃபயர்வால்) லாக் விதிக்கு லிமிட் போட்டேன், அந்த வரிகள் அடங்கின. லாக்கைச் சேமிக்கும் ஜர்னல்டியின் லிமிட்டையும் குறைத்தேன், பலனில்லை. அது கன்சோலைத் தொடுவதே இல்லையே. வேகத்தை 115200 ஆக்கியதும் உறைவது குறைந்தது, நிற்கவில்லை. கன்சோல் லாக் லெவலை 4 ஆக்கினாலும் (அதற்குக் குறைந்த எண்ணுள்ள வரிகள் மட்டுமே கன்சோலில் வரும்) நெட்வொர்க் டிரைவரின் எரர் வரிகள் லெவல் 3 என்பதால் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. சீரியலைக் கழற்றவும் முடியாது, பேனிக் ஆனால் (கர்னலே செயலிழந்து நின்றால்) எங்களுக்கு இருக்கும் ஒரே கண் அதுதான்.

லெவலை 1 ஆக்கினால், பேனிக் வரும்போது முழு ட்ரேஸும் (எங்கே செயலிழந்தது என்று காட்டும் வரிகள்) சீரியலில் வருமா?